ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார்

'வாடகைக் கார்' என்ற சொல்லைக் கேட்டதும் மலேசியாவில் பிறந்து வளர்ந்த பழைய தலைமுறைத் தமிழருக்கு நினைவில் எழுவது டாக்சிதான். வானொலிச் செய்தியும் நாளிதழும் டாக்சியை அவ்வாறே சொல்லிப் பழக்கின. 1976இல் கோலாலம்பூரில் புடுராயா நிலையம் எழுந்த பிறகு, ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் செல்லும் நெடுந்தூர டாக்சிகள் அங்கிருந்து புறப்பட்டன. நால்வர் சேர்ந்தால் வண்டி கிளம்பும். மூவரே சேர்ந்தால், ஒன்று நான்காமவருக்காகக் காத்திருக்க வேண்டும். அல்லது அந்த இருக்கையின் கட்டணத்தையும் மூவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவே பயணியின் கவலை. வண்டியில் ஏறி அமர்ந்த பிறகு அவர் உறங்கலாம். வழி ஓட்டுநருக்குத் தெரியும். டயர் வெடித்தால் பயணி சாலையோர ரப்பர் மர நிழலில் நிற்பார். சட்டையைக் கழற்றிவிட்டு வியர்வை சிந்துபவர் ஓட்டுநர். வேகமாகச் சென்றதற்குக் காவலர் தண்டச் சீட்டுக் கொடுத்தால், அதுவும் ஓட்டுநரின் சட்டைப்பைக்கே போய்ச் சேரும்.

வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கி, முகப்பில் கையொப்பமிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு தாமே ஓட்டிச் செல்லும் காருக்கும் தமிழில் இதே பெயர்தான் வழங்குகிறது. பள்ளிப் பாடநூல் 'மகிழுந்து' என்று கற்பித்தாலும், நாவில் நிற்பது 'கார்'. அதனோடு 'வாடகை' சேர்ந்தால் டாக்சியா, தாமே ஓட்டும் காரா என்பதை இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஏறக்குறைய ஒன்றே என்ற மயக்கம் ஏற்பட்டுவிடுகிறது. டாக்சியிலிருந்து ஓட்டுநரை எடுத்துவிட்டால் அவருடைய கூலி மிச்சமாகும் என்று பயணி கணக்கிடுகிறார். அந்தக் கூலியோடு சேர்ந்து அவர் சுமந்துவந்த பொறுப்பு என்ன ஆயிற்று என்று அவர் கேட்பதில்லை. அது எங்கும் போய்விடவில்லை. சாவியோடு சேர்ந்து பயணியின் கைக்கு வந்துவிடுகிறது.

இவ்விரு தொழில்களும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த வரலாறும் உண்டு. 1918இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வால்டர் ஜேக்கப்ஸ் என்னும் இளைஞர், பன்னிரண்டு ஃபோர்டு கார்களை வைத்துக்கொண்டு அவற்றை வாடகைக்கு விடத் தொடங்கினார். 1923இல் அத்தொழிலை விலைக்கு வாங்கியவர் ஜான் ஹெர்ட்ஸ். அவர் அதே நகரில் 'யெல்லோ கேப்' என்ற மஞ்சள் டாக்சி நிறுவனத்தை நடத்திப் பேர் பெற்றவர். ஓட்டுநரோடு கூடிய வாடகையும் ஓட்டுநர் இல்லாத வாடகையும் ஒரே முதலாளியின் கைக்கு வந்தன. விமான நிலையத்தையே இடமாகக் கொண்டு தொழில் தொடங்கிய பெருமை வாரன் அவிஸ் என்பவரைச் சாரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையில் பணியாற்றியவர் அவர். விமானத்தில் இறங்கியவுடன் ஊருக்குள் செல்ல வண்டி கிடைக்காமல் திண்டாடும் நிலையை நன்கறிந்தவர். 1946இல் டெட்ராய்ட் நகருக்கு அருகிலுள்ள வில்லோ ரன் விமான நிலையத்தில் அவருடைய கார்கள் வந்து நின்றன. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய ஃபோர்டு தொழிற்சாலை இருந்த இடம் அது.

இன்று கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பத்தோடு புறப்பட்டு, வெளிநாட்டில் முதன்முறையாகக் காரை வாடகைக்கு எடுப்போர் பலரும் நாடுவது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை. காரணங்கள் வெளிப்படை. விமானம் ஐந்தரை மணி நேரத்திற்குள் சென்று சேர்ந்துவிடுகிறது. அங்கும் சாலையின் இடப்பக்கமே ஓட்ட வேண்டும். காரின் ஸ்டியரிங் வலப்பக்கமே இருக்கும். அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தில் உள்ளன. மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டணச் சாலையே கிடையாது என்பதால், சிட்னி, மெல்பர்ன் நகரங்களைப்போல் சுங்கச் சாவடி இல்லாமலேயே கேமரா வழியாகக் கட்டணம் ஏறிவிடுமோ என்ற அச்சமும் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கோலாலம்பூரில் என்ன மணியோ அதே மணிதான் பெர்த்திலும்.

(நகருக்குள் மட்டுமே தங்கப் போகிறவருக்குக் கார் தேவையா என்பது வேறு கேள்வி. 2022 அக்டோபர் முதல் விமான நிலையத்திலிருந்தே நகரின் நடுவுக்கு ரயில் ஓடுகிறது. பலர் இதை எண்ணிப் பார்க்காமலேயே இணையத்தில் காருக்குப் பணம் கட்டிவிடுகின்றனர்.)

இத்தனை ஒற்றுமைகளும் ஒன்றுகூடிப் பயணியை ஏமாற்றுகின்றன என்பதே உண்மை. கடிகாரம் மாறாததால் உடலும் மாறவில்லை என்று அவர் நம்புகிறார். இரவு விமானத்தில் ஏறியவர், அந்த ஐந்தரை மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்ந்திருந்தால் அதிகம். உணவுத் தட்டு வரும். பக்கத்துக் குழந்தை அழும். இறங்கிய பிறகு குடிநுழைவு வரிசை. அதன்பின் ஊறுகாயையும் மசாலைப் பொடியையும் கறிவேப்பிலையையும் தேடும் சோதனை வரிசை. வெளியே வரும்போது வெயில் பளீரென்று அடிக்கிறது. புது ஊர் என்ற கிளர்ச்சியில் தூக்கம் தெரிவதில்லை. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த நாட்டில் மது அருந்தி ஓட்டுவதற்குச் சட்டம் விதித்திருக்கும் எல்லையும் அதே 0.05தான். ஒரு சொட்டு மதுவும் தொடாத குடும்பத் தலைவர், முந்தைய நாள் காலையில் எழுந்து வேலைக்குப் போய், இரவு விமானம் ஏறி, மறுநாள் காலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார் என்பதை விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

அந்தக் களைப்போடுதான் அவர் முகப்புக்கு வருகிறார். அங்கேதான் படிக்க வேண்டியது மிகுதி.

முகப்பில் முதலில் கேட்கப்படுவது ஓட்டுநர் உரிமம். மலேசியாவில் 2023 முதல் கைப்பேசியிலுள்ள மின்னியல் உரிமம் அட்டைக்கு ஈடாக ஏற்கப்படுவதால், அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவோர் உண்டு. கடல்கடந்த முகப்பில் அட்டையையே கேட்கக்கூடும். அனைத்துலக ஓட்டுநர் அனுமதி என்று ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. 1949இல் ஜெனீவாவில் நாடுகள் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து உடன்பாட்டிலிருந்து பிறந்தது அது, ஓராண்டுக்குச் செல்லும். மலேசியாவில் அதைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும், சிங்கப்பூரில் வாகன ஓட்டிகள் சங்கத்திடமும் புறப்படுமுன் பெற்றுக்கொள்ளலாம். ஆனால், அது உரிமத்துக்குத் துணையே அன்றி உரிமமாகாது. அந்தப் புத்தகத்தை மட்டும் நீட்டினால் சாவி கிடைக்காது.

அடுத்தது கடன்பற்று அட்டை. வாடகைத் தொகை முன்பே கட்டப்பட்டிருந்தாலும், வண்டி பழுதின்றித் திரும்பும்வரை ஒரு தொகையை அட்டையில் முடக்கி வைப்பது வழக்கம். அது செலவாகிவிடவில்லை; ஆனால், அட்டையில் அந்த அளவுக்கு இடம் குறைந்துவிடும். குடும்பத்தின் விடுதிச் செலவும் அதே அட்டையிலிருந்துதான் என்றால், மூன்றாம் நாள் விடுதி முகப்பில் முகம் சுருங்க நேரிடும். கட்டணத்தை ஆஸ்திரேலிய டாலரில் எடுக்கவா, ரிங்கிட்டில் எடுக்கவா என்று சில இடங்களில் கேட்பர். சொந்த நாட்டு நாணயம் என்றவுடன் மனம் இளகிவிடும். அதற்கென்று வைக்கப்பட்டிருக்கும் நாணய மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கியின் விகிதத்தைவிட மோசமானது. டாலர் என்று சொல்வதே நல்லது.

பிறகு வருவது, இந்தத் தொழிலின் இதயம் என்று சொல்லத்தக்க சொல்: 'எக்ஸஸ்'. விபத்து நேர்ந்தால் முதலில் வாடிக்கையாளர் தம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அது. மலேசியர்களுக்கு இச்சொல் புதிதன்று. காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாதவர் காரை ஓட்டி விபத்துக்குள்ளானால், உரிமையாளர் முதல் 400 ரிங்கிட்டைத் தாமே ஏற்க வேண்டும் என்ற விதியை அவர்கள் அறிவார்கள். வாடகைக் காரில் அந்தத் தொகை சில ஆயிரம் டாலராக இருக்கும். நாளொன்றுக்கு இவ்வளவு கூடுதலாகக் கட்டினால் அது குறையும் என்று முகப்பிலுள்ளவர் சொல்வார். சொல்லும்போதே சற்று அச்சமூட்டியும் சொல்வார். அது அவருடைய வேலை. ஊரிலேயே வாங்கும் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் இந்த எக்ஸஸ் தொகைக்கும் இடம் இருக்கிறது என்பதை அறிந்தவர் அமைதியாக மறுத்துவிடலாம். ஆனால், அந்தக் காப்புறுதி பின்னால் திருப்பித் தருவதே. முகப்பில் முதலில் கட்டுபவர் பயணிதான். விபத்தில் மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி, அங்கு வண்டியின் பதிவோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. வழக்கெல்லாம் இரும்புக்கும் கண்ணாடிக்கும்தான்.

கூடுதல் கட்டணம் கட்டி எக்ஸஸைக் குறைத்துக்கொண்டவர்கூட 'முழுப் பாதுகாப்பு' என்று எண்ணிவிடக் கூடாது. ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் விலக்குகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. டயரும் முன் கண்ணாடியும் அடங்கா என்று ஓரிடத்தில் இருக்கும். வண்டியின் கூரையும் அடிப்பாகமும் அடங்கா என்று இன்னோர் இடத்தில் இருக்கும். பெட்ரோல் வண்டியில் டீசலை ஊற்றினால், சாவியைத் தொலைத்தால், தேங்கிய நீரில் இறக்கினால் எல்லாமே பயணியின் தலைமேல். இவற்றை ஒருவர் ஊகிக்கவாவது முடியும். ஊகிக்க முடியாதவையும் உண்டு.

கிள்ளான் வட்டாரத்தில் முப்பதாண்டுக் காலம் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் மனைவி, மகன், மைத்துனர் ஆகியோருடன் ஒரு ஜூன் மாதம் பெர்த்தில் வந்து இறங்கினார். மகன் இணையத்தில் எல்லா ஏற்பாட்டையும் செய்து முடித்திருந்தான். முகப்பிலிருந்த இளம்பெண் ஒரு சிறு திரையைத் திருப்பி வைத்தாள். மகன் விரலால் கையொப்பமிடக் கையைக் கொண்டுபோனான். ஆசிரியர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒப்பந்தத்தைத் தாளில் அச்சிட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண் சற்று வியந்தாள், ஆனால், மறுக்கவில்லை. பன்னிரண்டு பக்கங்கள் வந்தன.

"அப்பா, எல்லா இடத்துலயும் இதே மாதிரிதாம்பா எழுதியிருப்பாங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றான் மகன்.

"ஒரே மாதிரியா இல்லையான்னு படிச்சதுக்கு அப்புறந்தானே சொல்ல முடியும்?" என்றார் அவர். வரிசையைப் பின்னால் இருந்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பயணப் பெட்டியின் மேல் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கருத்துணர்தல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். பகுதியை ஒருமுறை விரைவாகப் படி. பிறகு வினாவைப் படி. பிறகு மறுபடியும் பகுதிக்குப் போ என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார். இங்கே வினாத்தாள் கிடையாது. 'இந்தக் குடும்பம் என்ன செய்யப்போகிறது?' என்பதையே வினாவாக வைத்துக்கொண்டு அவர் படித்தார். பென்சிலால் மூன்றிடங்களில் கோடிட்டார். ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மகன் இருமுறை வெளியே போய் வந்துவிட்டான்.

முதற்கோடு, ஒப்பந்தத்தில் பெயர் பதியாத எவரும் வண்டியை ஓட்டினால் எந்தப் பாதுகாப்பும் செல்லாது என்ற விதியின் கீழ். மகனும் மைத்துனரும் மாறி மாறி ஓட்டுவதாகத்தான் பேச்சு. பதிந்திருந்ததோ மகன் பெயர் மட்டும். எக்ஸஸைக் குறைக்கக் கட்டிய பணம் அப்போது எதற்கும் உதவாது; மைத்துனர் கையில் வண்டி நொறுங்கினால் வண்டியின் முழு விலையும் குடும்பத்தின் கடனாகிவிடும். மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை. "முப்பது வருசமா நான் காரு ஓட்டுறேன் மச்சான். எனக்குப் பேரு பதியிறதுக்குத் தனியா காசு வேறயா?" என்று கேட்டார். அவருடைய ஓட்டும் திறமையைப் பற்றிய கேள்வியே அல்ல அது என்று விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. உரிமத்தை எடுத்து நீட்டினார். அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் கோடு, தார் போடாத சாலையில் வண்டியை ஓட்டக் கூடாது என்ற விதியின் கீழ். அவர்கள் முதலில் போக நினைத்த இடம் நம்புங் தேசியப் பூங்காவிலுள்ள 'பினக்கிள்ஸ்'. மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக் கல் தூண்கள் எழுந்து நிற்கும் இடம் அது. பெர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். 2010இல் திறக்கப்பட்ட இந்தியப் பெருங்கடல் சாலை அந்தப் பக்கம் செல்வதை எளிதாக்கியது. பூங்கா வரைக்கும் நல்ல தார்ச்சாலை. ஆனால், தூண்களுக்கு நடுவே சுற்றிவரும் நான்கு கிலோமீட்டர் வட்டப்பாதை மண்பாதை. சாதாரணக் கார்கள் அதில் செல்லலாம் என்று பூங்காத் துறை அனுமதிக்கிறது. வாடகை நிறுவனம் அனுமதிக்கிறதா என்பது தனிக்கேள்வி. பூங்கா விடுவதாலேயே ஒப்பந்தம் விடும் என்று கொள்வதற்கில்லை. அந்தப் பெண் தன் மேலாளரை அழைத்துக் கேட்டு, அந்தப் பாதைக்கு மட்டும் தடையில்லை என்று மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பினாள். வாய்ச்சொல்லாகச் சொன்னபோதே மகன் போதும் என்றான். ஆசிரியர்தாம் எழுத்தில் கேட்டார்.

மூன்றாம் கோட்டுக்கு விடை கிடைக்கவில்லை. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நகர எல்லைக்கு வெளியே வண்டியை ஓட்டக் கூடாது என்பது விதி. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வடக்குப் பிரதேசத்திலும் இத்தகைய விதி பல நிறுவனங்களிடம் உண்டு. காரணம் கங்காரு. அந்தியிலும் விடியலிலும் அவை மேய்ச்சலுக்கு வெளிவருகின்றன. விளக்கொளியைக் கண்டு ஒதுங்காமல் திடீரெனச் சாலையின் குறுக்கே பாய்கின்றன. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு முழு வளர்ச்சி பெற்ற கங்காருவின் மேல் மோதினால் முன்பாகமே உள்ளே போய்விடும். மோதாமல் இருக்க ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்புபவர் உயிரையே இழக்கக்கூடும்.

இதில்தான் மாறாத கடிகாரத்தின் வஞ்சம் வெளிப்படுகிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில்தான் சூரியன் மறைகிறது. 'மாலை ஆறு மணி' என்றால் வெளிச்சம் என்பது அங்கு வளர்ந்தவரின் உடம்பில் ஊறிய அறிவு. பெர்த்தில் கடிகாரம் அதே மணியைக் காட்டுகிறது. ஆனால், ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். ஐந்து மணி இருபது நிமிட அளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. பினக்கிள்ஸிலிருந்து நாலரை மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் பெர்த்துக்கு வந்துவிடலாம் என்று மகன் போட்டிருந்த கணக்கு, கிள்ளானின் வானத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. இரண்டு மணி நேரப் பயணத்தில் பாதிக்கு மேல் இருளில் சென்றிருக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டனர். அன்று பெர்த்திலேயே தங்கி உறங்கிவிட்டு, மறுநாள் காலையில் புறப்பட்டு, இரவை பினக்கிள்ஸுக்கு அருகிலுள்ள செர்வாண்டஸ் என்னும் சிற்றூரில் கழித்தனர். மைத்துனர் பெயரைப் பதிந்ததற்கு ஒரு கட்டணம், செர்வாண்டஸ் விடுதிக்கு ஒரு கட்டணம். ஒப்பந்தத்தைப் படித்ததால் பணம் மிச்சமாயிற்று என்று சொல்வதற்கில்லை; செலவுதான் கூடியது. மகன் அதைக் குறிப்பிட்டுச் சொல்லவும் செய்தான். அன்று அந்தியில் விடுதிக்குப் பின்னாலிருந்த புல்வெளிக்குக் கங்காருக்கள் வந்தன. மைத்துனர் சன்னலருகே நின்று எண்ணினார். பதினொன்று. முந்தைய நாள் காலையிலிருந்து அவர் தாமாக வாய் திறந்தது அந்த எண்ணைச் சொல்லத்தான்.

இந்த ஒப்பந்தங்கள் எழுதப்படும் முறையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஒரே வாக்கியத்தில் நான்கு 'தவிர', மூன்று 'எனினும்'. ஒரு பக்கத்தில் கொடுப்பதை ஆறு பக்கம் தள்ளி ஒரு விளக்கக் குறிப்பில் எடுத்துக்கொள்வது. ஒரு மாணவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் கிழித்திருப்பார். படிக்காதவரைக் குறை சொல்வதற்கு முன், படிக்கவிடாமல் எழுதியவரையும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டம் இதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வாடிக்கையாளர் திருத்த இடமில்லாத அச்சடித்த ஒப்பந்தங்களில் நியாயமற்ற விதிகளைச் சேர்க்கும் நிறுவனத்துக்கு, 2023 நவம்பர் முதல் தண்டம் விதிக்க முடியும். ஆயினும், நீதிமன்றத்தில் ஒரு விதி நியாயமற்றது என்று தீர்ப்பாகும் நாளில், பயணி ஊர் திரும்பி அந்தப் பணத்தை மறந்தும் போயிருப்பார்.

சாவி கைக்கு வந்த பிறகு, கார் நிறுத்துமிடத்தில் செலவிட வேண்டிய பத்து நிமிடம் இருக்கிறது. பெட்டிகளை ஏற்றுமுன், குழந்தைகளை ஏற்றுமுன், வண்டியைச் சுற்றிவந்து கீறல்களைப் பார்க்க வேண்டும். கைப்பேசியால் நான்கு புறமும் படமெடுத்து, டயரின் இரும்பு வளையங்களையும் முன் கண்ணாடியையும் நெருக்கமாக எடுத்து, எண்ணெய் அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் பதிந்துகொள்ள வேண்டும். தாளில் குறிக்கப்படாத கீறல் ஏதேனும் இருந்தால், ஓட்டிச் செல்லும் முன்பே ஊழியரை அழைத்துக் குறிக்கச் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அந்தக் கீறல் பயணியுடையது. எண்ணெய் மூடியைத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். ரோன் 95 என்ற எண்ணுக்குப் பழகிய கண்ணுக்கு, அங்கே சாதாரணப் பெட்ரோல் 91 என்று எழுதியிருப்பது சற்றுத் தடுமாற்றத்தைத் தரும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதற்குரிய இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், அதையும் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

சாலை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. சிங்கப்பூரர் தம் தீவில் 90 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பழகாதவர். 110 என்ற பலகையைக் கண்டதும் அந்த வேகத்தில் போயே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. பள்ளிக்கூடங்களின் அருகில் காலையிலும் பிற்பகலிலும் 40தான். வடக்கே செல்லச் செல்ல, மூன்று நான்கு இழுவண்டிகளைக் கோத்துக்கொண்டு ஐம்பது மீட்டருக்கும் மேல் நீண்டு வரும் லாரிகள் எதிர்ப்படும். அவற்றை முந்துவதற்கு வேண்டிய தொலைவு, செலாயாங்கில் ஒரு பேருந்தை முந்துவதற்கு வேண்டிய தொலைவன்று. முந்தாமல் பின்னாலேயே சென்று, அடுத்த ஊரில் நிறுத்தித் தேநீர் அருந்துவதில் இழப்பொன்றுமில்லை.

திருப்பித் தரும் நாளில் பலரும் அவசரத்தில் இருப்பர். இருபத்துநான்கு மணி நேரத்தை ஒருநாளாகக் கணக்கிடுவதால், காலை பத்து மணிக்கு எடுத்த வண்டியை மாலையில் கொண்டுவந்தால் இன்னொரு நாளின் வாடகை ஏறிவிடலாம். எண்ணெயை நிரப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு நிரப்பாமல் தந்தால், நிறுவனம் நிரப்பிக்கொண்டு தன் விலையைப் போடும். அது பெட்ரோல் நிலையத்தின் விலையாக இராது. நிலையத்துக்கு அருகில் நிரப்பி, அந்த ரசீதைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னிரவு விமானத்தைப் பிடிப்பவருக்கு இன்னொன்று உண்டு. முகப்பு மூடியிருக்கும், சாவியைப் போடச் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். சாவி உள்ளே விழுந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று பயணி கைகளைத் தட்டிக்கொள்கிறார். ஆனால், மறுநாள் காலையில் ஊழியர் வந்து வண்டியைப் பார்வையிடும் வரையில் அதற்குப் பொறுப்பு வாடிக்கையாளரே என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. இரவில் வேறொருவர் இடித்துவிட்டுப் போனாலும், இடித்தவர் அகப்படாதவரை கேள்வி வருவது ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரிடம்தான். எனவே, நிறுத்திய இடத்தின் எண்ணும் அருகிலுள்ள சுவரும் தெரியும்படி, நேரம் பதிவாகும் வகையில், வண்டியை மறுபடியும் படமெடுத்துக்கொண்ட பிறகே சாவியைப் போட வேண்டும். வேகக் கேமரா பிடித்திருந்தால், தண்டச் சீட்டு முதலில் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அவர்களுடைய கையாள் கட்டணத்தோடு பயணியின் அட்டைக்கு வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஒப்பந்தம், பெட்ரோல் ரசீது, படங்கள் ஆகிய அனைத்தும் ஓர் உறைக்குள் கடப்பிதழோடு இருக்கட்டும். பயணப் பெட்டியைக் காலி செய்யும் நாளில் அந்த உறை குப்பைக் கூடைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர், யார் பெயரில் கார் எடுக்கப்பட்டதோ அவரே.